மூன்று 'ஜனனி', மூன்று ராகம்
பெயரில்லாத சி.டி.க்குப் பெயர் சூட்டத் தொடங்கிய முயற்சி கர்நாடக சங்கீதத்துக்கு வந்து சேர்ந்த கதை

நவராத்திரி என்றால் திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு எல்லை தாண்டி ஒரு விருந்தாளி வருவார். கன்னியாகுமரி மாவட்டத்து வேளிமலை குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் வந்து ஆரியசாலை தேவி கோவிலில் தங்குவது வழக்கம். உடன் வரும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கைக்கு செந்திட்டை கோவில். பத்மநாபபுரத்து சரஸ்வதிக்கோ கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். அங்கே ஒன்பது மாலையும் கச்சேரி. நாளுக்கு ஒன்றாக சுவாதித் திருநாளின் (1813-1846) கிருதியே பிரதானம். சங்கராபரணத்தில் தொடங்கி ஆரபியில் முடியும் வரிசை.

இதில் ஐந்தாம் நாள் பைரவியில் 'ஜனனி மாமவ'. ஏழாம் நாள் சுத்தசாவேரியில் 'ஜனனி பாஹி'. எட்டாம் நாள் நாட்டைக்குறிஞ்சியில் 'பாஹி ஜனனி'. ரசிகர்களுக்கு இதில் குழப்பம் இல்லை. முதல் பிடியிலேயே ராகம் தெரிந்துவிடும். கம்ப்யூட்டருக்குத்தான் திண்டாட்டம். போதாக்குறைக்கு ஆறாம் நாளின் பந்துவராளியை சிலர் காமவர்த்தனி என்று எழுதுவார்கள். சுபபந்துவராளி என்பதோ வேறு ராகம். 'ஜனனி' என்று மட்டும் தட்டினால் எதை எடுத்துக் கொடுப்பது?

இணையத்து இசைத் தகவல் தொகுப்புகள் இந்தச் சிக்கலை நினைத்துப் பிறந்தவை அல்ல. அவற்றின் தொடக்கம் சி.டி.யின் ஒரு குறை. சாதாரண சி.டி.யில் பாட்டு உண்டு, பாட்டின் பெயர் கிடையாது. எத்தனை பாடல்கள், ஒவ்வொன்றும் எந்த விநாடியில் தொடங்குகிறது என்பது மட்டுமே அதில் பதிவாகியிருக்கும். இந்த நேரக் கணக்கையே அடையாள எண்ணாக மாற்றலாம் என்ற யோசனையில் 1990-களின் முற்பகுதியில் அமெரிக்காவில் டி கான், ஸ்டீவ் ஷெர்ஃப் என்ற இருவர் உருவாக்கியதுதான் சி.டி.டி.பி. எங்கோ ஒருவர் தன் சி.டி.யின் உறையைப் பார்த்துப் பெயர்களைத் தட்டி அனுப்பினால், அதே சி.டி.யை வேறு எவர் கம்ப்யூட்டரில் போட்டாலும் பெயர்கள் திரையில் வந்து நிற்கும். தட்டியவர்களுக்குச் சம்பளம் இல்லை. ஆசைதான் கூலி.

அந்த ஆசை 1998-இல் விலை போனது. எஸியன்ட் என்ற நிறுவனம் சி.டி.டி.பி.யை வாங்கியது. பின்னர் அது கிரேஸ்நோட் ஆனது. உரிமம் பெறாத மென்பொருள்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. 2008-இல் சோனி சுமார் 26 கோடி டாலர் கொடுத்து கிரேஸ்நோட்டை வாங்கியது. ராத்திரி கண் விழித்துப் பெயர்களைத் தட்டியவர்களுக்கு எதுவும் வரவில்லை. சட்டப்படி தவறில்லை என்று வாதிடலாம். ஆனால் நன்கொடையாக வந்த நெல்லை மூட்டை கட்டி விற்ற கணக்குதான் இது.

கோபம் இரண்டு வழிகளில் வெளிப்பட்டது. ஒன்று ஃப்ரீடிபி. அது 2020-இல் மூடப்பட்டாலும், நகலெடுக்க உரிமை தந்திருந்ததால் பதிவுகள் அழியவில்லை. இன்னொன்று ராபர்ட் கேய் தொடங்கிய மியூசிக்பிரெய்ன்ஸ். 2004-இல் இதை லாப நோக்கற்ற அறக்கட்டளையின் கீழ் கொண்டுவந்த அவர், அடிப்படைத் தகவல்களைப் பொதுச் சொத்தாகவே அறிவித்துவிட்டார். யாரும் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். ஆகவே யாரும் பூட்டி வைக்க முடியாது. 2007-இல் பிபிசி நிறுவனமே இதன் தகவல்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது.

கர்நாடக சங்கீதம் இங்கே நுழைந்தது பார்சிலோனா வழியாக என்பதுதான் வேடிக்கை. அங்குள்ள பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் சேவியர் செர்ரா தலைமையில், ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றத்தின் நிதியுடன் 2011-இல் 'காம்ப்மியூசிக்' திட்டம் தொடங்கியது. மேற்கத்திய இசைக்காக எழுதப்பட்ட கணக்குகள் மற்ற மரபுகளுக்குப் பொருந்துவதில்லை என்பதே அதன் அடிப்படை. சென்னை ஐ.ஐ.டி.யும் இதில் பங்கு கொண்டது. நம் பாடகர்கள் ஆளுக்கொரு ஸ்ருதியில் பாடுபவர்கள். எனவே தம்பூராவின் துணையோடு ஆதார ஸட்ஜத்தைக் கம்ப்யூட்டர் முதலில் கண்டுபிடித்தாக வேண்டும். அதன் பிறகுதான் ராகத்தைப் பற்றிய பேச்சு.

அதற்கு முன்பே வேறொரு வேலை இருந்தது. யார் பாடியது, எந்தக் கிருதி, என்ன ராகம், என்ன தாளம் என்று ஒழுங்கான பட்டியல் வேண்டும். இதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் மியூசிக்பிரெய்ன்ஸ். அதில் 'படைப்பு' வேறு, 'ஒலிப்பதிவு' வேறு. 'ஜனனி மாமவ' ஒரே படைப்பு. அதை நூறு பேர் பாடினால் நூறு ஒலிப்பதிவுகள் அதனுடன் இணையும். படைப்புக்கு ராகம், தாளம், உருப்படி வகை ஆகியவற்றைக் குறிக்கவும் இடம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் இருப்பதால் தியாகராஜர் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதினாலும் ஒரே ஆளிடம் போய்ச் சேரும். மூன்று ஜனனிகளும் பிரிந்தது இப்படித்தான்.

உறையில் பொடி எழுத்தில் கிடந்த பக்கவாத்தியக்காரர்களுக்கும் இதனால் மரியாதை கிடைத்தது. வயலின், மிருதங்கம், கடம் ஒவ்வொன்றும் தனி உறவாகப் பதியப்படுகிறது. ஒரு மிருதங்க வித்வானின் பெயரைத் தொட்டால், அவர் வாசித்ததாகப் பதிவான ஒலித்தட்டுகளெல்லாம் வரிசை கட்டி வரும். மாணவர்களுக்கும் வானொலிக்காரர்களுக்கும் இதன் அருமை தெரியும்.

இருந்தும் தொகுப்பு என்பது தட்டியவர்கள் தட்டியது மட்டுமே. வெளிநாட்டு ராக் குழுவின் மறுபதிப்புகூட விலாவாரியாக இருக்கும். உள்ளூர் கேசட் இருக்க வேண்டும் என்பதில்லை. சுவாதித் திருநாள் கிருதிகளில் கூடுதல் சிக்கலும் உண்டு. பலவற்றுக்கு முத்தையா பாகவதரும் செம்மங்குடி சீனிவாச ஐயரும் 20-ஆம் நூற்றாண்டில் மெட்டமைத்தார்கள். சாகித்தியம் ஒருவர், மெட்டு இன்னொருவர் என்று பிரித்து எழுத இடமிருந்தும், எழுதுகிறவருக்கு விவரம் தெரிய வேண்டும்.

கச்சேரிகளையும் நாள், இடம், கலைஞர்களோடு பதிய வசதி இருக்கிறது. நவராத்திரி மண்டபத்தில் முதன்முதலாக ஒரு பெண்ணின் குரல் ஒலித்தது 2006-இல்; பாடியவர் பாறசாலை பொன்னம்மாள், 2021-இல் மறைந்தார். அதுபோன்ற ஒரு மாலையை ஏற்றுவதற்கு ஓர் இலவசக் கணக்கு போதும். பழைய அழைப்பிதழைப் பத்திரமாக வைத்திருப்பவர் யாராவது உட்கார்ந்து தட்ட வேண்டும்.