எடை குறையும் குழந்தையும் உணவு மறுப்பும்

ஒரு வயதுக்குப் பின் வளர்ச்சியின் வேகம் தணிவதால் பசி குறைவது இயல்பே. ஆயினும் 2 முதல் 5 வயது வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கிலோ கூட வேண்டிய குழந்தையின் எடை குறையுமானால், அதைப் பிடிவாதம் என்று ஒதுக்காமல், குடற்புழுவோ காசநோயோ உண்டா என்று மருத்துவரிடம் காட்டிப் பார்ப்பதே முதல் வேலை. பல வீடுகளில் கவனிக்கப்படாத காரணம் பால்: நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும் குழந்தையின் வயிற்றில் சோற்றுக்கு இடமிருப்பதில்லை என்பதோடு, பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவாதலால் இரத்தசோகை, அதாவது இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறையும் நிலை, உண்டாகிப் பசியை மேலும் மந்தமாக்குகிறது. உண்ணும் இரண்டு பிடி பருப்புச் சோற்றிலேயே நெய்யும் மசித்த முட்டையும் சேர்த்தால், அளவு பெருகாமலே ஆற்றல் கூடும். அழ அழத் திணிப்பது வெறுப்பையே வளர்க்கும். புதிய காயொன்றைப் பத்துப் பதினைந்து முறை தட்டில் கண்ட பின்னரே சில குழந்தைகள் அதைத் தொட்டுப் பார்க்கும்.