செல்போன் பறிபோனால் ஆளே அம்பேல்! கைகொடுக்கும் பட்டன் போனும் துண்டுச் சீட்டும்

சென்னை,

முன்பெல்லாம் பிக்பாக்கெட் ஆசாமி பர்சை அடித்தால் பர்சோடு போச்சு. செயினை அறுத்தால் செயினோடு போச்சு.

இப்போது ஒரே இழுப்புதான்! பேங்க் பணம், பஸ் காசு, ரயில் டிக்கெட், ஆதார் அட்டைப் படம், மனைவியின் போன் நம்பர் என்று எல்லாமே மொத்தமாகப் போகிறது!

வீட்டுச் சாமான் அத்தனையையும் ஒரே பெட்டியில் அடைத்து, அந்தப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறோம். அந்தப் பெட்டிக்குப் பெயர்தான் ஸ்மார்ட்போன்.

நடுரோட்டில்...

கிண்டியில் ஆபீஸ் விட்டு வரும் குமாஸ்தா ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு மணி 8. ரோட்டோரம் நின்று பேசுகிறார். பைக்கில் இரண்டு பேர் வருகிறார்கள். பின்னால் இருப்பவன் லபக்கென்று போனைப் பிடுங்குகிறான். பைக் சிட்டாகப் பறந்துவிடுகிறது.

ஐயோ பாவம் என்று பூக்கடை அம்மா தன் போனை நீட்டுகிறார். வாங்கி யாருக்குப் பேசுவது? மனைவியின் நம்பர் மனப்பாடம் இல்லையே!

ரயிலில் போகலாம் என்றால் டிக்கெட் போனில் இருக்கிறது. பரிசோதகர் பிடித்தால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். சட்டைப்பையைத் தடவினால் ஒத்தை ரூபாய் கிடையாது. டீக்கடையில் கூட ஸ்கேன் பண்ணிப் பழகிய கை அல்லவா!

பெட்டிக்கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய் காயின் போனும், தெருமுனை எஸ்.டி.டி. பூத்தும் இன்று தேடினாலும் கிடைப்பது அபூர்வம். மனுஷன் நடுரோட்டில் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான்.

பேசத்தான் வந்தது

1995 ஜூலை 31ந் தேதி நாட்டின் முதல் செல்போன் பேச்சு நடந்தது. கொல்கத்தாவில் இருந்து முதல்-மந்திரி ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய மந்திரி சுக்ராமிடம் பேசினார். அன்று செல்போன் என்றால் பேசுவதற்கு. அவ்வளவுதான்.

2016ல் யு.பி.ஐ. பணப்பட்டுவாடா வந்தது. சில்லறைத் தொல்லை ஒழிந்தது என்று கடைக்காரரும் மகிழ்ந்தார், வாடிக்கையாளரும் மகிழ்ந்தார். அதில் தப்பு இல்லை. ஆனால் பர்சையும் டைரியையும் தூக்கிப் போட்டோமே, அங்கேதான் வந்தது வினை!

உயிரும் போச்சு

பொருள் போனால் சம்பாதிக்கலாம். 2023 ஜூலையில் சென்னை பறக்கும் ரயிலில் ஓர் இளம்பெண்ணிடம் செல்போனைப் பறிக்க முயன்றார்கள். ஓடும் ரயிலில் இருந்து விழுந்த அந்தப் பெண் சில நாட்களில் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அதற்குப் பிறகும் மின்சார ரயிலின் வாசற்படியில் பாருங்கள். ஒரு கை கம்பியில், ஒரு கை போனில். பறிப்பவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

பட்டன் போன் போதுமா?

ஸ்மார்ட்போன் இல்லாமல் இந்தக் காலத்தில் வாழ முடியுமா என்று கேட்கலாம். பேஷாக முடியும்!

பேங்க் அனுப்பும் ஓ.டி.பி. நம்பர் பட்டன் போனுக்கும் எஸ்.எம்.எஸ். ஆக வரும். நட்சத்திரம், 99, ஹாஷ் என்று அழுத்தினால் இன்டர்நெட் இல்லாமலே பேங்க் இருப்பு பார்க்கலாம், பணமும் அனுப்பலாம்.

பட்டன் போனுக்கென்றே "யு.பி.ஐ. 123 பே" என்ற வசதியை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது. ஒரு தடவைக்கு 5 ஆயிரமாக இருந்த வரம்பை 10 ஆயிரமாக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. உங்கள் பேங்கில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

மெட்ரோ ரயிலுக்கும் மாநகர பஸ்சுக்கும் "சிங்காரச் சென்னை" அட்டை இருக்கிறது. காசு ஏற்றி வைத்தால் தட்டிவிட்டு ஏறலாம். மின்சார ரயிலுக்குக் கவுன்டரில் காசு கொடுத்தே டிக்கெட் வாங்கலாம்.

எல்லாக் கதவும் திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. பிள்ளைகளின் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. மேனேஜர் உத்தரவும் அதில்தான். அப்படிப்பட்டவர்கள் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் ஸ்மார்ட்போனில் இருக்கட்டும். பேங்க் கணக்கில் கொடுத்த நம்பர், உள்பையில் இருக்கும் பட்டன் போனில் இருக்கட்டும். பறிப்பவன் ஒன்றைத்தான் பறிப்பான்!

கவுன்டரை மூடாதீர்

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எதைக் கேட்டாலும் "ஆப்ல போடுங்க", "ஆன்லைன்ல கட்டுங்க" என்று கை காட்டுகிறார்கள். கண் மங்கிய பெரியவர், எழுத்துக் கூட்டிப் படிக்கும் கூலித் தொழிலாளி எங்கே போவார்கள்? பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரிடம் போனையும் ரகசிய நம்பரையும் கொடுக்கிறார்கள். மோசடிக்கு வேறு வாசல் வேண்டுமா? காசு வாங்கும் கவுன்டர் ஒன்றாவது எல்லா ஆபீசிலும் திறந்திருக்க வேண்டும்.

பறிகொடுத்தால்...

முதல் காரியம், யாரிடமாவது போன் வாங்கி சிம் கார்டை முடக்கச் சொல்லுங்கள். அடுத்தது பேங்க். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓ.டி.பி. திருடன் கைக்குப் போகும். பணம் போயிருந்தால் 1930க்கு உடனே பேசுங்கள்.

பிறகு போலீசில் புகார். நட்சத்திரம், ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் ஐ.எம்.இ.ஐ. என்ற 15 இலக்க நம்பர் தெரியும். புகார் நகலோடு அதையும் கொடுத்து, மத்திய அரசின் "சஞ்சார் சாத்தி" மூலம் அந்தப் போனையே முடக்கலாம். 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் இந்த வசதி உண்டு. ஆனால் போன் கையில் இருக்கும்போதே அந்த நம்பரை எழுதி வைக்க வேண்டும். போன பிறகு எங்கே போய் அழுத்துவது?

இன்று ராத்திரி வீட்டுக்குப் போனதும் 10 நிமிஷம் ஒதுக்குங்கள். வீட்டு நம்பர், பேங்க் நம்பர், 1930, அந்த 15 இலக்கம் எல்லாவற்றையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். கூடவே இரண்டு நூறு ரூபாய் நோட்டு. மடித்து, போன் வைக்காத பாக்கெட்டில் வையுங்கள். சிம்முக்கும் ரகசிய நம்பர் பூட்டுப் போடுங்கள்.

ரயில் வாசலில் நின்றால் போன் உள்ளே இருக்கட்டும். கை கம்பியில் இருக்கட்டும்!