டாக்டர் தெரிகிறார், நாம் தெரியவில்லை!

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கம். கடலூருக்குப் பஸ் உண்டு, ரயிலும் நிற்கும். ஆனாலும் எழுபத்தாறு வயதான என் மாமியாரை மாதா மாதம் டாக்டரிடம் அழைத்துப் போய் வருவது லேசான காரியமல்ல. சர்க்கரைக்காரர், வலது காலில் ஒரு புண் வேறு. ஆகவே கடலூர் டாக்டரம்மா, "ஒரு தடவை நேரில் வாங்க, அடுத்த தடவை வீடியோவில் பார்த்துக்கலாம்" என்று சொன்னபோது எங்களுக்குப் பரம சந்தோஷம்.

முதல் வீடியோவிலேயே சங்கடம். டாக்டரம்மா எங்களுக்குக் கண்ணாடி மாதிரித் தெரிகிறார். நெற்றிப் பொட்டுகூடத் தெரிகிறது. அவருக்கோ எங்கள் முகம் கட்டம் கட்டமாய் உடைந்து நிற்கிறதாம். "காலைக் காட்டுங்கம்மா" என்கிறார். நான் போனைப் புண்ணுக்குக் கிட்டே பிடிக்கிறேன். "ஒண்ணும் தெரியலையே!" என்கிறார்.

அதைவிட மோசம் அத்தையின் பேச்சு. "நாலு நாளா சர்க்கரை மாத்திரை சாப்பிடலைங்க" என்று அவர் உண்மையை ஒப்புக்கொண்டார். (வாய் கசக்கிறது என்று நிறுத்திவிட்டாராம். எனக்கே அப்போதுதான் தெரியும்!) டாக்டரம்மா காதில் விழுந்தது "சாப்பிட" வரைக்கும்தான். 'லைங்க' வழியிலே தொலைந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டும் சர்க்கரை இறங்கவில்லை என்று எண்ணி, இன்னொரு மாத்திரை சேர்த்து எழுத ஆரம்பித்துவிட்டார். என் பெண் சட்டென்று, "ஆயா மாத்திரை சாப்பிடவில்லை" என்று எழுத்தில் தட்டி அனுப்பினாளோ, தப்பித்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மறுநாள் இணைப்புக் கொடுத்தவர்களுக்குப் போன் செய்தேன். ஒரு பையன் வந்து சோதித்துப் பார்த்தான். "38 வருதும்மா. லைன் நல்லாத்தான் இருக்கு" என்று போய்விட்டான். அந்த 38க்குப் பக்கத்திலேயே இன்னோர் எண் இருந்தது. அவனும் சொல்லவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. அது 2.

சகோதரிகளே, நமக்கு வருவது டவுன்லோடு, நாம் அனுப்புவது அப்லோடு. சீரியல் பார்க்க முதலாவது போதும். நாம் பேச, நம் காலைக் காட்ட இரண்டாவது வேண்டும். ஆனால் யாரும் அதைப் பேசுவதில்லை. 2023ல் பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 மெகாபிட் என்று வைத்த அரசாங்க இலக்கணமும் டவுன்லோடை மட்டுமே சொல்கிறது! பழைய செப்புக் கம்பி டெலிபோன் லைனில் 24 வரை வரும், போவது சுமார் 1தான். கண்ணாடி நார் வந்த பிறகு இரண்டையும் சமமாகக் கொடுக்கும் திட்டங்கள் உண்டு. பணம் கட்டும் முன், "அப்லோடு எவ்வளவு?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எங்கள் ரசீதில் இரண்டும் 40 என்றுதான் இருந்தது. அப்படியானால் மிச்சம் எங்கே போயிற்று?

கல்லூரியில் படிக்கும் என் பெண் ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தாள். நாம் பேசும் பேச்சும் படமும் முழுசாகப் போவதில்லை. சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி, எண் போட்டு அனுப்பப்படுகின்றன. போட்டோவில் ஒரு பொட்டலம் தொலைந்தால் அந்தப் பக்கம் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். நேரமாகும், ஆனால் முழுசாகப் போய்ச் சேரும். நேருக்கு நேர் பேச்சில் காத்திருக்க அவகாசம் ஏது? தொலைந்தது தொலைந்ததுதான். 'லைங்க' போன வழி அதுதான். ("வாட்ஸ்அப்பில் போட்டோ போகுதே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.)

தொலைவதை எண்ணிப் பார்க்க 'பிங்' என்று ஒரு சின்னக் கருவி, 1983லிருந்தே இருக்கிறதாம். கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புப் பெட்டியைத் திறந்து, ஆங்கிலத்தில் பிங், இடம் விட்டுக் கழித்தல் குறியோடு சின்ன 'என்', மறுபடி இடம் விட்டு 100, கடைசியில் ரௌட்டரின் எண். எங்களுடையது 192.168.1.1, உங்களுடையது ரௌட்டரின் அடியில் ஒட்டியிருக்கலாம். இரண்டு நிமிஷத்துக்குள் நூறு பொட்டலம் போய் வரும். எத்தனை தொலைந்தது என்று அதுவே சொல்லிவிடும்.

அத்தையின் அறையில் உட்கார்ந்து பார்த்தோம். நூற்றுக்குப் பதினொன்று காணோம்! ரௌட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்றுகூடத் தொலையவில்லை. ஆக, தப்பு கம்பெனி லைனில் இல்லை, எங்கள் வீட்டுக்குள்ளேதான். அந்தப் பையனைத் திட்டியதற்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஒயர் தெரிந்தால் அசிங்கம் என்று என் வீட்டுக்காரர் ரௌட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். ரௌட்டர் பெரிய குரல்காரர். பீரோவையும் சுவரையும் தாண்டி அவர் சத்தம் உள்ளறைக்கு எப்படியோ வந்துவிடும். செல்போனுக்குக் கீச்சுக்குரல். அது போடும் சத்தம் அங்கே போய்ச் சேருவதில்லை. கூடத்தில் தலையுயர அலமாரிக்கு ரௌட்டரை மாற்றினோம். பதினொன்று ஒன்றாகிவிட்டது.

ஆனால் சாயங்காலமானால் மறுபடி பழைய கதை. பண்ருட்டியில் நடந்த கல்யாண வீடியோக்களை இவருடைய போன் தானாகவே வெளியே அனுப்பிச் சேமித்துக்கொண்டிருந்தது. ஒரே வாசலில் கல்யாணக் கூட்டம் அடைத்துக்கொண்டால் அவசரமாகப் போகிறவர் எப்படிப் போவார்? டாக்டர் நேரத்தில் அந்தச் சேமிப்பை நிறுத்திவிடுகிறோம். வீட்டில் கண்காணிப்புக் கேமரா இருந்தால் அதையும் கவனியுங்கள். அதுவும் ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ரௌட்டரோடு ஒயரில் இணைத்து, ரௌட்டர் எண்ணுக்குப் பதில் 8.8.8.8 போட்டுப் பாருங்கள். பல வேளைகளில் சோதித்தும் தொலைகிறதென்றால் பெரும்பாலும் வெளிக் கோளாறு. அணில் கடித்திருக்கலாம், நாரை ஆணியில் இறுக்கி வளைத்திருக்கலாம். வருகிறவரிடம் ஒளி அளவு கேளுங்கள். மைனஸ் 20 சுற்றி இருந்தால் நல்லது, 27ஐத் தாண்டினால் தடுமாறும். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாகத்தான் தொலையலாம் என்று 2006லேயே ட்ராய் விதி வைத்தது. புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. ஒன்று மட்டும் மறக்கவேண்டாம்: நார் முனையைக் கழற்றிக் குழந்தைகள் கண்ணருகே வைத்துப் பார்க்க விடாதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது.

பக்கத்திலே நெய்வேலி, மின்சாரம் செய்கிற ஊர். இருந்தும் எங்கள் தெருவில் கரண்ட் போனால் ரௌட்டர் படுத்துவிடும். அதற்கொரு சின்ன பேட்டரிப் பெட்டி வாங்கி மாட்டினோம்.

போன வாரம் மறுபடி வீடியோ. டாக்டரம்மா காலைப் பார்த்தவர், "புண் காய்ஞ்சு வருது. ஆனா சுண்டுவிரல் இடுக்குல சிவந்திருக்கே, எத்தனை நாளா?" என்றார். தினம் கால் கழுவிவிடுகிற நானே அதைப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை காலை ரயிலில் அத்தையை நேரில் கூட்டிப் போனோம்.