எங்கோ கரை உடைந்தால் நம் சேமிப்பு ஏன் கரைகிறது?



போன மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார்: “மேடம், என் பையன் செல்போன்லயே ஷேர் வாங்கலாம்னு சொல்றான். பொண்ணு கல்யாணத்துக்குச் சேர்த்து வச்ச ஒரு லட்சத்தை ஆறு மாசம் அதுல போட்டு எடுக்கலாமாம். போடலாமா?” பக்கத்தில் இருந்தவர், “அமெரிக்காவுல ஏதாவது நடந்தா இங்க ஷேர் விழுந்துடுதாமே, அது எப்படி?” என்றார். இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால், முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

பங்கு என்றால் ஒரு கம்பெனியின் சின்னப் பகுதி. வாங்க ஆள் அதிகம் வந்தால் விலை ஏறும். விற்க ஆள் அதிகம் வந்தால் இறங்கும். மும்பை பங்குச் சந்தையில் 30 பெரிய கம்பெனிகளின் விலைப் போக்கைக் காட்டும் அளவுதான் சென்செக்ஸ்.

சங்கிலிக் கண்மாய்

நம் பக்கத்தில் கண்மாய்கள் ஒன்றுக்கொன்று தொடர்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறோம். மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு வரும். அது லாபம். ஆனால் மேல் கண்மாயின் கரை உடைந்தால், அந்த வெள்ளம் கீழ்க் கண்மாயின் கரையையும் உடைத்துவிடும். நம் கரையில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் சேதம் நமக்கும்தான்.

பங்குச் சந்தைகளும் இப்படித்தான் இணைந்துள்ளன. 1992-ல் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் இந்தியப் பங்குகளை வாங்க அரசு அனுமதித்தது. வெளிநாட்டுப் பணம் வந்தது. கம்பெனிகளுக்கு முதல் கிடைத்தது, பங்கு விலையும் ஏறியது.

2008-ல் நடந்தது

அமெரிக்காவில் திருப்பிக் கட்ட முடியாதவர்களுக்கும் வீட்டுக் கடனை வாரிக் கொடுத்திருந்தார்கள். கடன் வாராக்கடன் ஆனது. 2008 செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் திவாலானது. அங்கே கைக்காசு தேவைப்பட்டவர்கள், இங்கே வாங்கி வைத்த பங்குகளை விற்றுப் பணத்தை எடுத்துப் போனார்கள்.

2008 ஜனவரியில் 20,800-க்கு மேல் இருந்த சென்செக்ஸ், அக்டோபர் கடைசியில் சுமார் 8,500-க்கு வந்தது. உச்சத்தில் போட்ட ஒரு லட்சம், பத்தே மாதத்தில் ஏறக்குறைய நாற்பதாயிரம். பழைய உயரத்துக்குத் திரும்ப 2010 நவம்பர் ஆனது. கல்யாணத் தேதி அதுவரை காத்திருக்குமா?

2020 மார்ச் 23 அன்று, கொரோனா பயத்தில் ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்தது. அந்த மாதம் உலகம் முழுக்கவே சந்தைகள் விழுந்தன.

அப்படியென்றால் இணைப்பே கெட்டதா?

இல்லை. 1997-ல் தாய்லாந்தில் ஆரம்பித்த நெருக்கடி இந்தோனேசியா, தென்கொரியா வரை பரவியது. நம் கதவு பாதிதான் திறந்திருந்ததால் இந்தியாவுக்கு அடி குறைவு. ஆனால் கதவைச் சாத்தினால் பணமும் வராது. திறந்தால் பணமும் வரும், பயமும் வரும்.

“நாலு நாட்டுப் பங்கைப் பிரித்து வாங்கினால் ஆபத்து குறையும்” என்பார்கள். சாதாரண நாளில் அது சரி. பெரிய நெருக்கடி வந்தால் எல்லாச் சந்தையும் சேர்ந்தே விழுகிறது. துணை தேவைப்படும் நேரத்தில்தான் துணை இருக்காது.

நாம் செய்ய வேண்டியது

1. கல்யாணம், படிப்பு, ஆஸ்பத்திரி என்று தேதி நெருங்கிய செலவுக்கான பணத்தைப் பங்கில் போடாதீர்கள்.

2. சங்கப் பணம் பத்து இருபது பேர் சேமிப்பு. அதைப் பங்கில் போட யார் சொன்னாலும் தீர்மானம் போடாதீர்கள்.

3. கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர்கள். சந்தை இறங்கினாலும் வட்டி இறங்காது.

4. வங்கிச் சேமிப்புக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. பங்குக்கு அப்படி எதுவும் இல்லை.

5. போனாலும் பல வருடம் காத்திருக்க முடிந்த உபரிப் பணம் இருந்தால் மட்டும், விவரம் தெரிந்துகொண்டு யோசிக்கலாம்.

அந்தச் சகோதரிக்கு நாங்கள் சொன்னதும் இதுதான். கல்யாணப் பணம் இப்போது வங்கியில் இருக்கிறது. ஊக்குநர்கள் இதை அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டி, “நம்ம வீட்டுப் பணத்துல எது காத்திருக்கும், எது காத்திருக்காது?” என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொல்லுங்கள்.