கால்வாயும் வடிகாலும்

ஆற்றினின்று கால்வாய் வெட்டி வயலுக்கு நீர் கொணர்தல் மானிடர் பயின்ற மிகப் பழைய தொழில்களுள் ஒன்றாகும். ஆயினும் வெட்டப்பட்ட கால்வாய்கள் யாவும் ஒரே விதமாகப் பலன் தந்தனவல்ல. சில ஈராயிரம் ஆண்டு கடந்தும் ஓடுகின்றன. சில, தாம் செழிப்பித்த நிலத்தையே உவராக்கின. இவ்வேற்றுமையின் காரணத்தை அறிதல் நிலமுடையோர்க்கு மிகவும் அவசியம்.

இராக் தேசத்தின் தென்பகுதியில் டைகிரிஸ், யூப்ரடீஸ் ஆறுகளின் நீரைச் சுமேரியர் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கால்வாய்களில் திருப்பினர். அங்கே மழை சொற்பம், வெயில் கடுமை, நிலமோ சமதரை. பாய்ச்சிய நீர் வடிந்தோட வழியின்மையால் நிலத்தடி நீர் மேலெழுந்து, வெயிலில் ஆவியாகி, உப்பை மண்ணிலே விட்டது. முற்காலத்தில் கோதுமையும் பார்லியும் ஏறக்குறையச் சமமாக விளைந்த அப்பிரதேசத்தில், உப்பைத் தாங்காத கோதுமை படிப்படியாய்க் குறைந்து, கி.மு. 1700-ஐ ஒட்டி அநேகமாய் நீங்கிற்று என்று பழைய களிமண் ஏடுகளை ஆராய்ந்தோர் கூறுவர்.

சீன தேசத்து மின் நதியில் கி.மு. 256-ஐ ஒட்டி, மாகாண அதிபதி லீ பிங் என்பார் டூஜியாங்யான் பாசனத்தை அமைத்தார். ஆற்றை முற்றும் மறிக்காது, நடுவே கரையிட்டு நீரை இரண்டாகப் பிரித்தார். மூங்கிற் கூடைகளில் கல் நிரப்பிக் கரை கட்டப்பட்டது. குளிர்காலத்தில் வாய்க்காலை அடைத்து வண்டல் வாருவது வழக்கமாயிற்று. வாரவேண்டிய ஆழத்தைக் காட்ட அடியில் இரும்புத் துண்டங்களும் புதைக்கப்பட்டன. செங்டு சமவெளி இன்றும் அந்நீரால் விளைகின்றது.

பஞ்சாபில் கீழ்ச் செனாப் கால்வாய் 1892-இல் திறக்கப்பட, தரிசு நிலம் கோதுமை வயலாயிற்று. ஆனால் கால்வாயிலும் வயலிலும் கசிந்த நீரால் நிலத்தடி நீர் ஆண்டுதோறும் உயர்ந்து, பலவிடங்களில் நிலம் ஊறி உவர் பூத்தது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாகிஸ்தான் அரசாங்கத்தார் பெரும் பொருட்செலவில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி அந்நீரை இறைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே, நீர் வரும் வழியைப் போலவே நீர் போகும் வழியையும் பேணுதல் கடமையாகும். மதகைக் கண்டபடி திறந்து மிகையாய்ப் பாய்ச்சுவோர் அண்டை வயலுக்கும் தீங்கு செய்கின்றனர். வயலில் வெள்ளைப் பூப்புத் தோன்றின், உரத்தை மிகுப்பதற்கு முன் வடிகாலைப் பார்த்தல் வேண்டும். வடிகால் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் போகாதபடி கிராம அதிகாரிகள் கோடைதோறும் பார்வையிடுதல் நலம். வடிகால் வெட்டும் செலவு சிறிது. உவரான நிலத்தை மீட்கும் செலவோ பெரிது.