பஞ்சாயத்துக் கணக்கும் கணிப்பொறியும்

குடிநீர்க் கட்டணத்தை முறையாகச் செலுத்திய மூதாட்டி ஒருவருக்கு, ஓராண்டுப் பாக்கி என அறிவிப்புச் சென்றதை நாம் ஒரு கிராமத்தில் கண்டோம். ரசீது அவர் கையிலேயே இருந்தது. விசாரித்ததில், கணிப்பொறியில் அவருடைய இணைப்பு எண் இருமுறை பதிவாகியிருந்தமை தெரிந்தது. பணம் ஒரு பதிவில் வரவாயிற்று. மற்றொன்று பாக்கியாகவே நின்றது. இத்தகைய பிழையைத் தடுக்கும் வழி, 1992-ஆம் ஆண்டு வெளிவந்த மைக்ரோசாப்ட் ஆக்சஸ் போன்ற தரவுத்தள மென்பொருள்களிலேயே அமைந்துள்ளது.

ஆக்சஸில் அட்டவணை, படிவம், அறிக்கை ஆகிய ஒவ்வொன்றும் ஒரு 'ஆப்ஜெக்ட்' ஆகும். அதன் குணங்களை வரையறுப்பன 'பிராப்பர்டி' என்னும் பண்புகள். அட்டவணையை வடிவமைப்பு நிலையில் திறந்தால், ஒவ்வொரு கட்டத்தின் பண்புகளும் கீழ்ப்பகுதியில் தோன்றும். இணைப்புகள் அட்டவணையில் இணைப்பு எண்ணுக்கு 'இண்டெக்ஸ்டு' என்ற பண்பை, இரட்டைப் பதிவுக்கு இடமில்லை என அமைத்தால், அதே எண்ணை மறுமுறை ஏற்காது. 'ரிக்வயர்டு' என்பதற்கு ஆம் என்றால், கட்டத்தை வெறுமையாக விட இயலாது. 'வாலிடேஷன் ரூல்' என்பதில், தொகை சுழியினும் மிகுதியாக இருத்தல் வேண்டும் என்றும், தேதி இன்றைய தினத்தைத் தாண்டலாகாது என்றும் விதிக்கலாம்.

இவ்விதிகளைப் படிவத்தில் மட்டும் அமைப்பது போதாது. அட்டவணையை நேரே திறந்து எழுதுவோரை அவை தடுக்கமாட்டா. ஏரியின் மதகிலேயே நீரைக் கட்டுப்படுத்தினால், ஒவ்வொரு வாய்க்கால் மடையிலும் காவல் நிற்க வேண்டியதில்லை அன்றோ! அட்டவணையே மதகு.

பல கட்டளைகளை வரிசைப்படுத்தி ஒரே பெயரில் வைப்பது 'மேக்ரோ'. அதனைப் படிவத்திலுள்ள பொத்தானின் 'ஆன் கிளிக்' என்னும் பண்பில் இணைத்தால், பொத்தானை ஒருமுறை அழுத்தியதும் பாக்கிப் பட்டியல் திறக்கும். படிவத்தின் 'பிஃபோர் அப்டேட்' பண்பில் இணைத்தாலோ, பதிவு சேமிக்கப்படுமுன் அது சோதிக்கும். செலுத்தும் தொகை பாக்கியினும் மிகுந்தால் எச்சரித்துப் பதிவை நிறுத்தும். 'ஆட்டோஎக்செக்' என்று பெயரிட்ட மேக்ரோ, கோப்பைத் திறந்தவுடன் தானே இயங்கும்.

ஆயினும் எச்சரிக்கை தேவை. பதிவுகளை அழிக்கும் கட்டளையை மேக்ரோவில் வைத்து, எச்சரிக்கைச் செய்திகளையும் நிறுத்திவிட்டால், வினவாமலே அனைத்தும் மறையும், மீட்க வழியிராது. ஆதலின் முன்னதாகக் கோப்பின் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் அவசியம். அறிமுகமற்றோர் அனுப்பிய கோப்பின் மேக்ரோவை இயக்க அனுமதித்தலும் ஆகாது.

120 ரூபாயை 210 என்று தவறாக எழுதினால், எந்த விதியும் அதனை அறியாது. ஆதலால் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மாதந்தோறும் சில ரசீதுகளையேனும் கணிப்பொறிப் பதிவுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். இரட்டைப் பதிவைக் கணிப்பொறி தடுக்கும். ரசீதும் பதிவும் ஒன்றுதானா என்று பார்ப்பது நம் கடமையே.