சுருளும் பரிவும்

தாழ்ந்த மின்னழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்தும் சுருளை நிக்கோலா தெசுலா 1891இல் அமைத்தார். 1899இல் கொலராடோ ஸ்பிறிங்ஸில் அவர் நிறுவிய பெருஞ்சுருளின் விட்டம் ஏறத்தாழ 15 மீற்றர். நாவலப்பிட்டியில் எம் மாணவர் சிலர் அதனை ஒரு சாண் உயரத்தில் ஆக்க முற்பட்டனர். சிறியது எளியதென்று கருதுவார் உளர், அன்று.

மயிரிழை போன்ற எனாமற் கம்பியைக் குழாயின்மீது நூற்றுக்கணக்கான சுற்றுகள், ஒன்றன்மேலொன்று ஏறாது, நெருங்கச் சுற்றல் வேண்டும். ஒரு சுற்றுப் பிறழினும் மின் அவ்விடத்தே பாய்ந்து காவலியைச் சுட்டுவிடும். மகாவலிக் கரையின் ஈரக்காற்றோ மின்னைக் கசியவிடும். ஆதலின் வார்னிஷ் பூசி உலர்த்தினர். (விஞ்ஞான ஆசிரியர் அருகிலன்றி எவரும் இதனைத் தொடலாகாது.)

எனினும் மெய்யான இடர் பிறிது. முதற்சுருளும் துணைச்சுருளும் ஒரே மீடிறனில் அதிர்தல் வேண்டும். சுருள் சிறுக்க மீடிறன் உயரும். செக்கனுக்குப் பத்து இலட்சத்தையும் கடக்கும். அந்நிலையில் அருகே கை நீட்டினாலே இசைவு குலையும். கைவிட எண்ணிய மாணவரிடம், “வீணைக்குச் சுருதி சேர்ப்பதில்லையா?” என்றேன்.

இவ்விசைவைத் தமிழகத்தார் ‘ஒத்ததிர்வு’ என்பர். ஈழத்துப் பாடநூல்கள் ‘பரிவு’ என்னும். முன்னது விளக்கம், பின்னது உயிருள்ள சொல். ஒன்று நடுங்க மற்றொன்று தொடாமலே நடுங்குவது பரிவன்றி வேறென்ன? அறிவியற் பட்டமும் பண்டிதப் பட்டமும் பெற்ற விபுலாநந்த அடிகள் ‘யாழ் நூலில்’ (1947) நரம்புகளைக் கணிதத்தால் ஆராய்ந்தமையை அவர்க்கு எடுத்துரைத்தேன்.

முதற்சுருளின் இணைப்பைக் காற்சுற்றுக் காற்சுற்றாக நகர்த்தினர். மூன்றாம் நாள் மாலை, கம்பித்தொடர்பின்றியே, அருகிற் பிடித்த குழல்விளக்கு மங்கலாக ஒளிர்ந்தது.